பின்விளக்கு எரியாத லாரி

"தள்ளிப் போம்மா, லாரி நிக்குது."

செல்போன் வெளிச்சத்தை ஆட்டி, வந்த ஸ்கூட்டியை ஒதுக்கிவிட்டான் ஹரிசங்கர். மறைமலைநகரில் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரம். தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு இருட்டோடு இருட்டாக நின்றது அந்த ட்ரெய்லர்.

போலீஸ் ஜீப் வந்து லாரிக்குப் பின்னால் நின்றது. எஸ்.ஐ. ஷபானா இறங்கினார். பின்னாலேயே ஏட்டு முனிசாமி. இருவரும் இந்த ஸ்டேஷனுக்குப் புதிது.

"போன் பண்ணது நீங்களா?"

"ஆமா மேடம். தெருமுனையில போர்டு இருக்கு. கனரக வண்டி எதுவும் இங்க நிறுத்தக் கூடாது."

முனிசாமிக்குச் சலிப்பு. "இன்னா சார், இதுக்கா எங்கள இட்டாந்த? கம்பெனி உள்ள எடம் இல்லன்னா எல்லா லாரியும் இப்படித்தான் தெருத்தெருவா நின்னுகினு கீது. ஃபைனப் போட்டு வுட்டுடலாம் மேடம்."

"ஃபைன் வேணாம். இந்த லாரி ஓனர் ஜெயிலுக்குப் போகணும்," என்றான் ஹரிசங்கர். குரல் ஏறவில்லை.

ஷபானா அவனை நிமிர்ந்து பார்த்தார். கசங்காத சட்டை, மழித்த முகம். படித்தவன். குடித்திருக்கவும் இல்லை.

"அவன் மேல அப்படி என்ன கோபம் உங்களுக்கு?"

"போன தை மாசம் இதே லாரி இதே எடத்துல நின்னுச்சு. பின்லைட் எரியலை. வேலை முடிஞ்சு ஸ்கூட்டியில வந்தவ, தெரியாமப் பின்னாடி போய் மோதிட்டா. இங்கேயே உயிர் போயிடுச்சு." செல்போன் வெளிச்சத்தை அணைத்தான். "சுப்ரஜா. என் மனைவி."

முனிசாமி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கேஸ் எதுவும் போடலையா?" என்றார் ஷபானா.

"மாமனார் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டார். லாரிக்காரன் பாவம்னு சொல்லிட்டார்."

"பொண்ணப் பறிகுடுத்துட்டு லாரிக்காரன் பாவமாமா?" முனிசாமியால் தாங்க முடியவில்லை. "துட்டு கிட்டு வாங்கினாரா உங்க மாமனாரு?"

"அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அந்த ஆளைக் கட்டிப் பிடிச்சு அழுதார். என்னாலதான் மன்னிக்க முடியலை. அவன் சாப்பிடறான், தூங்கறான், இதே வண்டியை ஓட்டிச் சம்பாதிக்கிறான். ஒருத்தர்கூட அவனை ஒரு வார்த்தை கேக்கலை."

ஷபானா லாரியின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். விளக்கு இரண்டும் செத்துக் கிடந்தன. சிவப்பு ஸ்டிக்கர்கூட ஒட்டவில்லை. திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"உயிர் போன எடத்துலயே மறுபடி லைட் இல்லாமக் கொண்டாந்து நிறுத்தியிருக்கான். மனுஷனா அவன்?"

"அதைத்தான் மேடம் நானும் கேக்கறேன்."

"டிரைவர் எங்க?"

"தனியா டிரைவர் கிடையாது. ஓனரே ஓட்டறதுதான்."

"அப்ப பக்கத்துல எங்கனா குடிச்சுகினு இருப்பான்," என்றார் முனிசாமி.

"குடிக்க மாட்டான்."

"உனக்கு எப்டி சார் தெரியும்?"

"ஒரு வருஷமா அவனைத்தான் பாத்துகிட்டு இருக்கேன்."

மாடிகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. தெருவே கூடிக் கத்த வேண்டிய விஷயம். ஒருவரும் இறங்கி வரவில்லை.

ஷபானா ஹரிசங்கரின் பக்கத்தில் வந்து நின்றார். "போன தடவை தெரியாம நடந்துபோச்சுன்னு தப்பிச்சிருப்பான். இந்தத் தடவை அது செல்லாது. தெரிஞ்சேதான் நிறுத்தியிருக்கான். பழைய விபத்தையும் தோண்டி எடுக்கறேன்."

"அவனைப் பாத்ததும் பாவம்னு விட்டுடுவீங்க."

"நானா?"

"எல்லாரும் அப்படித்தான் விட்டாங்க."

"நான் விட மாட்டேன்."

"என் மாமனாரே வந்து அவனுக்காகக் கெஞ்சினாலும்?"

"உங்க மாமனார் என்ன, எங்க டி.எஸ்.பி. வந்து சொன்னாலும் விட மாட்டேன். போதுமா?"

ஹரிசங்கர் தலையாட்டினான். சுப்ரஜா போன பிறகு முதல்முறையாக அவனால் மூச்சை முழுதாக இழுத்துவிட முடிந்தது.

"இப்ப சொல்லுங்க," என்றார் ஷபானா. "யாரோட வண்டி இது?"

"என்னோடது மேடம்."