அணில் கடித்த கத்தரி

வேதவல்லியின் மொட்டை மாடியில் ஒரே ஒரு முள்ளுக்கத்தரிச் செடி நின்றது. நாட்டிலுள்ள கத்தரியெல்லாம் வெயிலில் கருகிப்போக, இது மட்டும் அசரவில்லை. இதனோடு கலந்தால்தான் புது ரகம் பிழைக்கும் என்று அரசாங்கம் காய்க்குக் காய் எண் ஒட்டிவிட்டது. தண்ணீர் ஊற்றுவது அவள், பறித்தால் சிறை.

மகள் பூங்கோதைக்கு மூன்றாம் மாதம். எதைத் தின்றாலும் வாந்தி.

"சுட்ட கத்தரிக்காய்க் கொத்சு இருந்தா ரெண்டு இட்லி இறங்கும்மா."

மசக்கைக்காரி வாய்விட்டுக் கேட்டதை இல்லையென்று சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஏழாம் எண் காய் அடுப்பில் ஏறியது.

அந்த நேரம் பார்த்தா காய்களைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர் தில்ஷாத் வந்து நிற்க வேண்டும்! மாடி ஏறி வெறும் காம்பைப் பார்த்தாள். இறங்கி வந்து, தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த பூங்கோதையைப் பார்த்தாள். வீடெல்லாம் சுட்ட கத்தரி மணம்.

"ஏழாம் எண் காயை அணில் கடிச்சிடுச்சு" என்று தில்ஷாத் தன் கையிலிருந்த பதிவுக் கருவியிடம் சொன்னாள்.

அந்த ஊரில் அணிலைக் கண்டு இருபது வருடமாகிறது.

தில்ஷாத் கருவியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"நாலு வருஷமா இந்தக் காயைக் காவல் காக்கிறேன், ருசி தெரியாது. அணில் கடிச்ச மிச்சம் இருந்தா எனக்கும் ஒரு வாய் குடுங்கக்கா."