பேரு குடுத்த ஆளு

"பேரு குடுத்துட்டா அதோட முடிஞ்சுதா? எங்க வீட்டு ஆளைத் திருப்பிக் குடுங்க!"

சத்தம் கேட்டு, பருப்புப் பானையைக் கிண்டிக்கொண்டிருந்த ஜெயராசா திரும்பிப் பார்த்தான். கூடாரத்துக்கு வெளியே, தலையில் மாட்டிய கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் ஒரு பெண் நின்றாள். ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

அப்புத்தளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து எல்லையில் சாரணர் முகாம் போட்டு ஒரு கிழமையாகிறது. உதவி வாத்தியார் ஜெயராசா பதுளையிலிருந்து அரிசி, பருப்பு மூட்டைகளோடு வண்டியில் வந்து இறங்கியது இன்று காலையில்தான். பெரிய வாத்தியார் எல்லோரையும் மலையேறக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தோட்டத்திலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவரையும் ஜெயராசா கண்ணால் பார்த்ததில்லை.

"உக்காருங்கம்மா. நீங்க யாரு?"

"வேலாயி. கீழ் லயத்து வரிசை வீடு. உக்கார நேரமில்ல தம்பி." அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அடியாத்தே! வாத்தியாருக்கே அரைக்கால் சட்டைதானா? வீட்டுல துணிக்குப் பஞ்சமா?"

ஜெயராசா கரண்டியால் முழங்காலை மறைக்கப் பார்த்தான். முடியவில்லை.

"உங்க பெரிய வாத்தியாரு லயத்துக்கு வந்து, யாரு சேர்றீங்கன்னு கேட்டாராம். இது முந்திக்கிட்டுக் கையத் தூக்கிருச்சு. சத்தியம் வேற வாங்கிட்டீங்களாமே! பட்டாளத்துக்குத்தானே அனுப்பப் போறீங்க? கப்பல்ல ஏத்திட்டா நான் எங்கன்னு போய்த் தேடுவேன்?"

"பட்டாளமும் இல்ல, கப்பலும் இல்ல. முடிச்சுப் போடுறது, அடுப்பு மூட்டுறது, நாலு பேருக்கு ஒத்தாசையா இருக்கிறது. இதுதான் படிப்பு."

"முடிச்சா? அத ஏன் கேக்குறீங்க! ஆட்டுக் கயிறு, கொடிக் கயிறு, தொட்டில் கயிறு, ஒண்ணு மிச்சமில்ல. நேத்து ஆட்டை அவுக்க முடியாம அருவாளால அறுத்து விட்டேன்."

ஜெயராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க தம்பி. தினம் ஒரு நல்ல காரியம் செய்யணும்னு சொல்லிக் குடுத்தீங்களாமே? அடுத்த வீட்டு நல்லம்மாவுக்குப் பீலிக் குழாயில இருந்து தண்ணி தூக்கிக் குடுக்குது. எனக்கு இந்நாள் வரைக்கும் ஒரு செம்புத் தண்ணி தூக்கித் தந்ததுண்டா? லயமே பாத்துச் சிரிக்குது!"

"சரிம்மா, நான் கண்டிச்சு வைக்கிறேன். பேரைச் சொல்லுங்க."

வேலாயி சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பேரையா? அத நான் எப்படி என் வாயால சொல்றது?"

ஜெயராசாவுக்கு உடனே விளங்கிவிட்டது. மூத்த மகனுக்கு மாமனார் பெயரை வைத்திருப்பார்கள். மருமகள் அதை எப்படி உச்சரிப்பாள்? அவன் அம்மாவும் அப்படித்தான். அண்ணனைப் பெற்ற நாளிலிருந்து "பெரியவன்" என்றுதான் கூப்பிடுகிறாள்.

"விளங்குது. எங்க வீட்டுலயும் இந்த வழக்கம் உண்டு. சாடையாச் சொல்லுங்க."

"சாமி பேருதான். கதிர்காமத்துல இருக்குமே."

"முருகனா? கந்தனா? கதிர்வேலுவா?"

கடைசிப் பெயருக்கு வேலாயி ஆமென்று தலையை ஆட்டிவிட்டு, வேறு பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

"சரி, அந்த ஆளை எப்ப விடுவீங்க? ஒரு கங்காணிகிட்ட பேரு குடுத்துட்டா, அவரா விட்டாத்தானே வெளிய வரலாம்? உங்க பெரிய கங்காணி காலுல விழணும்னாலும் விழறேன்."

"இங்க கங்காணியே கிடையாதும்மா. வரணும்னா வரலாம், போகணும்னா போகலாம். இறங்கி வந்ததும் இப்பவே கூட்டிட்டுப் போங்க. ஒருத்தரும் தடுக்க மாட்டோம்."

வேலாயி நம்பாமல் பார்த்தாள். "பேரு குடுத்த பிறகுமா?"

"பேரு குடுத்த பிறகும்தான்."

"இதென்ன, எங்கயும் இல்லாத வேலைப் பெரட்டா இருக்கே!" என்று முணுமுணுத்தபடி கூடையை இறக்கி வைத்தாள். சண்டை பிடிக்க வந்தவளுக்குச் சண்டை கிடைக்காமல் போய்விட்டது. அடுப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த விறகை உள்ளே தள்ளிவிட்டாள்.

"ஒண்ணு சொல்றேன் தம்பி. காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக் கூட்டுற தப்பு மேளச் சத்தம் கேட்டா, இது கம்பளிய இழுத்து மூடிக்கும். நான் போட்டு உலுப்பணும். இப்ப சேவலுக்கு முந்தி எழும்புது. பாட்டு வேற. சின்னப் புள்ளையாட்டம் குதிக்குது. அது சிரிச்சு நான் பாத்தே எத்தனையோ நாளாச்சு."

"அப்போ கூட்டிட்டுப் போகப் போறீங்களா?"

"ம்..." வேலாயி இழுத்தாள். "இருந்துட்டுப் போகட்டும். முகாம் முடியுற வரைக்கும் தினமும் பொழுதோட பத்திரமா வீட்டுக்கு அனுப்பி வைங்க. மழையில மட்டும் விட்டுராதீங்க. தலை துவட்டத் தெரியாது. உடனே சளி பிடிச்சுக்கும்."

"நானே துவட்டி விடுறேன், போதுமா?" என்று ஜெயராசா நெஞ்சில் கைவைத்துச் சொன்னான்.

"நீங்களா?" வேலாயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் ஏன் அப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

அதற்குள் ஊதல் சத்தம் கேட்டது. பாட்டுப் பாடிக்கொண்டு, மழையில் தொப்பலாக நனைந்த பையன்கள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். இவனா, அவனா என்று ஜெயராசா துண்டும் கையுமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

வேலாயி முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, வரிசையின் கடைசியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "என்னங்க! ஈரத் தலையோட நிக்காதீங்க, வாத்தியாரு தம்பி துவட்டி விடுவாராம், குனிஞ்சு குடுங்க!"

நரைத்த மீசையும் அரைக்கால் சட்டையுமாக, பையன்களுக்கெல்லாம் பின்னால் வந்த கதிர்வேலு விறைப்பாக நின்று, மூன்று விரலை நெற்றியில் வைத்துப் பெண்சாதிக்கு ஒரு சலாம் போட்டார்.