ஸ்ரீமுஷ்ணத்துச் சிவப்புப் புள்ளி

"சிதம்பரம் பச்சை, குறிஞ்சிப்பாடி பச்சை, ஸ்ரீமுஷ்ணமும் பச்சை! மணி பதினொண்ணு பதினஞ்சு ஆவுது. கை தட்டுங்கப்பா!"

சூப்பர்வைசர் கலியமூர்த்திக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடலூரில் இருந்த அந்த இன்டர்நெட் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமே கை தட்டியது, கயல்விழியைத் தவிர.

சுவரில் இருந்த பெரிய திரையில் ஒவ்வொரு வீட்டு மோடமும் ஒரு புள்ளி. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வீட்டு மோடம் மட்டும் ஒரு வருடமாகத் தினமும் பதினொன்று பத்துக்கு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை கயலுக்கு லீவு. மோடத்துக்கும் லீவு போல, அன்று மட்டும் நிற்காது.

மோடத்தை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. கயல்தான் தினமும் போன் போட்டு, ஒயரைப் பிடுங்கி மாட்டச் சொல்வாள்.

"இனிமே அந்த ரோதனையே இல்ல. இன்னிக்குப் போட்ட சாஃப்ட்வேரு அதுவே கண்டுபுடிக்கும், அதுவே மெசேஜ் அனுப்பும். நாம யாரும் போன் பண்ண வேணாம்" என்றார் கலியமூர்த்தி. "பாத்தியா, பயந்துக்கினு மோடமே சரியாயிடுச்சி!"

"சார், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நானே பண்றேனே..."

"என்னா வீடும்மா அது? ரெக்கார்டிங் கேட்டேன். நெட்டு போனா ஊரே நம்மளத் திட்டுது, அந்தம்மா மட்டும் 'சாப்பிட்டியா'ன்னு கேக்குது!"

கயல் சிரிக்கவில்லை. சகாயநாதனைக் காதலித்துக் கட்டிக்கொண்ட இந்த மூன்று வருடத்தில் தீபாவளி, பொங்கலுக்குக்கூட லீவு கேட்காதவள், "அரை நாள் லீவு வேணும் சார்" என்றாள். உடனே, "இல்ல, வேணாம். எங்க போறது" என்று உட்கார்ந்துவிட்டாள்.

மணி பன்னிரண்டு. பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது.

"அட, இதுக்குப் போயி அழுவறியா? உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதும்மா" என்று தேற்றினார் கலியமூர்த்தி.

பன்னிரண்டு இருபதுக்கு அந்தப் புள்ளி சிவப்பானது.

கயலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாஃப்ட்வேரை முந்திக்கொண்டு எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம் மேடம், இன்டர்நெட் ஆபீஸ்லேருந்து பேசறேன். ஒயரைக் கொஞ்சம் புடுங்கி மாட்டுறீங்களா?"

மறுமுனையில் ஓர் ஆணின் கரகரத்த குரல். மூன்று வருடமாக அவள் கேட்காத குரல்.

"உன் நம்பரு எங்கிட்ட இல்ல கயலு. அதான், உங்கம்மா தெனம் பண்ற மாதிரி இன்னிக்கு நான் ஒயரைப் புடுங்கினேன்... அவ காலையில போயிட்டா. வந்துடும்மா."