கரண்டிமூக்கனுக்கு எத்தனை அடித் தொட்டி?

"கரண்டிமூக்கனை வீட்டுக்குள்ள வச்சுக்க முடியுமா, தம்பி?"

தொலைபேசியில் ஒரு பெண் குரல் கேட்டதும் டுவேன் கண்ணை மூடிக்கொண்டான். மிசௌரி மலைப்பக்கத்து மீன் பண்ணையில் அவனுக்கு வேலை. மூக்கு துடுப்பாக நீண்டிருக்கும் அந்த ஆற்று மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து ஆற்றில் விடுவது அவன் பொறுப்பு. வசந்தம் வந்தால் போதும், எவனாவது ஒருவன் ஒன்றைப் பிடித்துவந்து கண்ணாடித் தொட்டியில் போட்டுவிட்டு, அப்புறம் சாவகாசமாக யோசனை கேட்பான்.

"முடியாதும்மா. அது ஆளுயரம் வளர்ற மீன்."

"வளர்ந்துதான் இருக்கு. எங்க வீட்டுக்காரர் ரோஸ்கோ உயரம்."

"உங்க பேரு?"

"வெல்டா. மீனுக்கு இன்னும் பேர் வைக்கலை."

"சரி, தொட்டி எவ்வளவு பெருசு?"

"இருபதுக்குப் பதினஞ்சு இருக்கும்."

"அங்குலமா?"

"அடி, தம்பி! ஆழம் என் இடுப்பளவு. இறங்கிப் பார்த்தேன், வழுக்கி விழுந்தேன், ரோஸ்கோ சிரிச்சாரு. அப்போலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சில்லை."

"நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்!" என்று பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கத்தியது.

டுவேன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். இவ்வளவு பெரிய தொட்டி அவன் பண்ணையிலேயே கிடையாது. ஏதோ பெரிய இடத்துச் சமாசாரம் போல என்று குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டான்.

"யாரும்மா கட்டினது?"

"என் மாமனார். சொந்தக் கையால கட்டினாரு."

"அவருக்கும் மீன் பைத்தியமா?"

"மீன் வாசனையே அவருக்குக் குமட்டும்."

"அடியில என்ன போட்டிருக்கீங்க? கூழாங்கல்லா?"

"பச்சையா, மெத்துமெத்துன்னு ஒண்ணு. மாமியார் வாங்கிப் போட்டது. இத்தனை வருஷத்துல இப்பதான் அது கண்ணுல படாம இருக்கு. நிம்மதி!"

"தீனி?"

"சோளரொட்டி போட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலை. வாயை ஆன்னு திறந்துக்கிட்டுச் சுத்திச் சுத்தி வருது. ரோஸ்கோவும் டிவி முன்னாடி அப்படித்தான் உக்காந்திருப்பாரு."

"அது கடிச்சுத் தின்னாதும்மா. தண்ணியில மிதக்கிற பொடிப்பொடிப் பூச்சிகளை வடிகட்டித்தான் தின்னும். சுத்தமான தண்ணியில போட்டா பட்டினி கிடந்தே செத்துடும்."

"சுத்தமா? நல்லா கேட்டீங்க போங்க! பால் விட்ட காபி மாதிரி இருக்கு."

டுவேன் எழுந்தே நின்றுவிட்டான். அப்படியொரு தண்ணீரை உண்டாக்க அவன் பண்ணையில் வருஷக்கணக்காகத் தலைகீழாக நின்று பார்க்கிறார்கள். இந்த அம்மா சர்வ சாதாரணமாகச் சொல்கிறாள்!

"வயிறு எப்படி இருக்கு? ஒட்டியா, உப்பியா?"

"பானை மாதிரி."

"அம்மா! அது பெட்டை! முட்டையோட இருக்கு!" அவன் கூவிய கூவலில் பக்கத்து மேஜைக்காரர் பேனாவைத் தவறவிட்டார். "இந்த வருஷம் எங்களுக்கு ஒரு பெட்டைகூடக் கிடைக்கலை. குஞ்சுத் தொட்டியெல்லாம் காலியாக் கிடக்குது. அதை எங்களுக்குக் கொடுங்கம்மா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!"

"தாராளமா. ஆனா தண்ணி இறங்கிக்கிட்டே இருக்கே, தம்பி."

"இறங்குதா? ஓட்டையா? அடைங்க! குழாயைத் திறந்து ரொப்புங்க!"

"ரொப்பறதும் வடியறதும் எங்க கையிலயா இருக்கு? இப்படியே போனா நாளைக்குக் கணுக்காலளவுதான்."

"ஐயோ, செத்துடும்மா!"

"அதுக்குத்தானே கூப்பிட்டேன்." முதல் தடவையாக வெல்டாவின் குரலில் சிரிப்பு இல்லை. "காலையிலேர்ந்து மேல உக்காந்து அதையேதான் பாத்துக்கிட்டிருக்கோம். பாவம், வயித்துப்பிள்ளைக்காரி. மனசு கேக்கலை."

டுவேன் சாவியை எடுத்துக்கொண்டான். இன்னொரு கையால் தொப்பியைத் தேடினான். சந்தோஷத்தில் அது தன் தலையிலேயே இருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

"இதோ கிளம்பிட்டேன்! தண்ணித் தொட்டி வச்ச லாரி இருக்கு, ஆளுங்களும் இருக்காங்க. விலாசம் சொல்லுங்க. லாரி உங்க வாசல் வரைக்கும் வருமா?"

"லாரியா? படகுல வாங்க, தம்பி. ஆறு பொங்கி வந்தா சுவர் இடியாம இருக்கட்டும்னு ரெண்டு கதவையும் திறந்து வழி விடறது எங்க கரையில வழக்கம், அப்படித் திறந்தப்போ தண்ணியோட வந்தவதான் இவ. இப்ப முன்வாசலை ஃபிரிட்ஜும் பின்வாசலை சோபாவும் மிதந்து வந்து அடைச்சுக்கிட்டு நிக்குது, மாடிப்படியிலேர்ந்து நாங்க பாத்துக்கிட்டிருக்கிறது எங்க ஹாலை!"