பேர் அழிக்கும் புத்தகம்

1995 ஆகஸ்ட் 7, காலை ஒன்பதரை மணி. மதுரையில் மூன்று புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவற்றில் பழசாய் இருந்ததை வாங்கி வந்திருந்தாள் கோகிலாம்பாள்.

அவள் கணக்கு எழுதும் அருப்புக்கோட்டை நூல் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்து நாலு நாள். கடையில் நூல் வாங்கி, நெய்து சேலையாய்த் திருப்பித் தரும் தறிக்காரர்களின் பட்டியலை 'டிபேஸ்' என்ற புரோகிராமில் ஏற்றவேண்டும். அதைப் படிக்கத்தான் புத்தகம்.

மேனேஜர் சௌந்தரபாண்டியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, பெருசு எதுவும் இல்லையா?"

"இருந்துச்சு அண்ணாச்சி. தலைக்கு வச்சுப் படுக்கலாம்."

"புதுசு?"

"அது பூராம் படம். இதுல, படிச்சவுக யாரோ ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்காக. தப்புப் பண்ணிப் பாத்து எழுதுனது."

"பழைய நூல்னு முதலாளி காதுல விழுந்தா, எத்தனாம் நம்பர்னு கேப்பாரு!"

விழுந்தது. கடையில் எது நடந்தாலும் அண்ணாச்சி மூலமாகத்தான் முதலாளி சங்கருக்குப் போகும்.

முதலாளி சிரித்தார். "எதையோ படிக்கட்டும். மூணு மாசமா சேலை கொண்டு வராத தறி முப்பத்தேழு. அந்தப் பேரெல்லாம் அழியணும். திரும்ப நூல் வேணும்னா ரெண்டு பேர் ஜாமீனோட வரட்டும்."

ஒரே மாதத்தில் அழித்துக் காட்டினாள் கோகிலாம்பாள்.

செப்டம்பர் கடைசியில் பாளையம்பட்டித் தறிக்காரர் கோட்டைச்சாமி விந்தி விந்தி வந்தார். "பஸ்ஸுல இருந்து விழுந்து கெடந்தேன் அண்ணாச்சி. இப்ப தறியில உக்காரலாம்னுட்டாக. ஜாமீனுக்கு எனக்கு யாரு வருவா? நூல் குடுத்தாத்தான் அடுப்பு எரியும்."

"பேரே இல்லையேப்பா."

கோகிலாம்பாள் ஏதோ தட்டினாள். திரையில் கோட்டைச்சாமி வந்து நின்றார்.

அவர் நூலோடு வெளியேறியதும் அண்ணாச்சி குனிந்தார். "அழிச்சேன்னியே?"

"'டிலிட்'டுனா மறைச்சு வைக்கிறதுதான் அண்ணாச்சி. கூப்பிட்டா வந்துரும். ஒரேயடியாப் போகணும்னா 'பேக்'குனு அடிக்கணும். 'அடிச்சா அம்புட்டுத்தான்'னு பென்சில்ல எழுதியிருந்துச்சு. நான் அடிக்கல." குரல் இறங்கியது. "முதலாளிகிட்டச் சொல்லிருவீகளா?"

சொல்லாமல் இருந்து அண்ணாச்சிக்குப் பழக்கமில்லை.

மறுநாள் நூல் பில்லைப் பார்த்துவிட்டு முதலாளியே கேட்டார். "அழிச்ச பேரு எப்படி அண்ணாச்சி வந்துச்சு?"

"புத்தகம் சரியில்ல முதலாளி. நான் அன்னைக்கே சொன்னேன்ல? பெரிய புத்தகமா நானே பாத்து வாங்கியாறேன். மிச்சம் முப்பத்தாறையும் தொடைச்சிருவோம்."

கோகிலாம்பாள் அதற்கப்புறம் அண்ணாச்சி முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

1995 அக்டோபர் 14, சனிக்கிழமை, சௌந்தரபாண்டியன் மதுரையிலிருந்து நானூறு பக்கப் புதுப் புத்தகம் வாங்கி வந்தார். அதில் 'பேக்' பற்றிய இரண்டு பக்கங்கள் மட்டும் கிழித்தெடுக்கப்பட்டிருந்தன.