நாலு நாள் ஓடிய சைக்கிள்

"பழசே போதும்டி" என்றாள் அக்கா, சைக்கிள் கடைக்குள் நுழைந்த இரண்டாவது நிமிஷமே.

தங்கையின் முகம் சுருங்கிப்போனது. எதிரே கரும்பச்சை நிறத்தில் புத்தம்புது ஹைப்ரிட் சைக்கிள். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் ஹேண்டில்பாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசா ஓட்டக் கத்துக்கறவங்களுக்கு இதுதான் மேடம் சரி" என்றார் கடைக்காரர். "ரேஸ் சைக்கிள் மாதிரி முதுகை வளைக்க வேண்டாம். மலையேறுற சைக்கிள் மாதிரி கனமும் கிடையாது."

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. இவளுக்கு வயசு முப்பத்தெட்டு. மூணு சக்கர சைக்கிள்கூட ஓட்டினதில்லை. தினம் நாலு தடவை விழப்போறா. விழறதுக்கு எதுக்குப் புதுசு?"

கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கைக்கு மானம் கப்பலேறியது.

"என் காசுதானே அக்கா!"

"உன் காசுதான். அதுக்காகக் கொட்டணுமா? தம்பி, நல்ல பழசா வந்தா எனக்கு ஃபோன் பண்ணுங்க."

அவ்வளவுதான், தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. அக்கா பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

தங்கைக்கு இது வெறும் சைக்கிள் சமாச்சாரமில்லை. பிறந்ததிலிருந்து அவள் போட்ட சட்டை, தூக்கிய புத்தகப்பை, நனைந்த மழைக்கோட்டு எல்லாமே அக்கா போட்டுக் கழித்தவை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்து பதினாலு வருஷம் ஆகிறது. தனக்கே தனக்கென்று ஒரு சைக்கிள் வாங்கி, அதில் வேலைக்குப் போக வேண்டும். கேட்டது அது ஒன்றுதான். அதிலும் பழசா?

"நான் புதுசா ஒண்ணு வெச்சுக்கிட்டா எங்கக்காவுக்குப் பொறுக்காது" என்று மறுநாள் கண்ணாடிக் கடையில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

நாலாம் நாள் சைக்கிள் வந்தது. அதே கரும்பச்சை. வலது பக்கம் மட்டும் ஏழெட்டுக் கீறல்.

"யாரோ ஒரு டாக்டரம்மா வாங்கி நாலே நாள் ஓட்டிட்டுப் போட்டுட்டாங்களாம். பாதி விலைடி!" என்று அக்கா பெருமையடித்துக்கொண்டாள். தங்கை உதட்டைச் சுழித்தாள்.

ஆனால் சீட்டில் ஏறி உட்கார்ந்தபிறகு கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. தினமும் காலையில் விளையாட்டு மைதானம். அக்கா சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் மூச்சிரைக்க ஓடுவாள். தங்கை வேலிச்செடியில் போய் விழுவாள். குப்பைத்தொட்டியைக் கட்டிக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் இடது பக்கமாகவே சாய்வது அவள் வழக்கம்.

எழுந்ததும் முழங்காலைத்தான் பார்ப்பாள், சைக்கிளைப் பார்க்க மாட்டாள். "ஏற்கெனவே அடிபட்ட வண்டிதானே!" என்று சிரித்துக்கொண்டே மறுபடி ஏறிவிடுவாள்.

எட்டாம் நாள் மைதானத்தைப் பாதி சுற்றிவிட்டுக் கத்தினாள்: "அக்கா, பிடிச்சிருக்கே இல்ல?"

"பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்!"

குரல் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விழாமலே இரண்டு சுற்று வந்தாள். முப்பத்தெட்டு வயசில் இப்படி ஒரு சந்தோஷம் மிச்சமிருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் சைக்கிளைத் துடைக்க உட்கார்ந்தவள், வலது பக்கத்தில் கையை நிறுத்தினாள்.

நாள் முழுக்கக் கீறல் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள் அவள். லென்ஸ் கீழே விழுந்து பட்ட கீறலா, யாராவது தேய்த்த கீறலா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். இடது பக்கம் அவள் விழுந்த கீறல்கள் தாறுமாறாக இருந்தன. வலது பக்கத்துக் கீறல்களோ சீப்பால் வாரியது போல ஒரே வரிசை, ஒரே ஆழம்.

உப்புத்தாள்! சந்தேகமே இல்லை.

அப்படியே கடைக்கு மிதித்தாள்.

"என்னங்க இது? கீறலை நீங்களே போட்டு விக்கிறீங்களா? திருட்டு வண்டியா? அடையாளத்தை மறைச்சீங்களா?"

கடைக்காரர் பதறிப்போனார். "ஐயோ மேடம், மெதுவாப் பேசுங்க. உங்கக்கா யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க."

"எங்கக்காவா?"

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பில்லை எடுத்து நீட்டினார். புது சைக்கிள். முழு விலை. வாங்கியவர் என்ற இடத்தில் தங்கையின் பெயர்.

"டாக்டரம்மா யாரும் இல்லை மேடம். அன்னிக்கு நீங்க தொட்டுப் பார்த்தீங்களே, அதே வண்டிதான். நீங்க கொடுத்த பாதி விலை போக மிச்சப் பணத்தை அக்கா கட்டிட்டாங்க. அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து உப்புத்தாளால அவங்களே தேய்ச்சாங்க. புது வண்டி மேடம், என்னால பார்க்க முடியலை, உள்ளே போயிட்டேன்."

தங்கை பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏன் இப்படிப் பண்ணா?"

"நானும் கேட்டேன். 'எல்லாத்துலயும் என் பழசையே போட்டு வளர்ந்தவ தம்பி, புதுசுன்னா அவளுக்குப் பயம். ஆசையா வாங்கின கைப்பை மூணு வருஷமா கவரோட பீரோவுல கிடக்கு. இதையும் துடைச்சு துடைச்சு வெச்சுப்பா, ஓட்ட மாட்டா. அதனால முதல் கீறலை நானே போட்டுடறேன்'னாங்க."