ஸ்பொன்சர் படம்

"ஊரில இருக்கிற அம்மாவை ஸ்பொன்சர் பண்ணி இஞ்ச கூப்பிட்ட உடன எங்கட கலியாணம்தான்" என்று ஜஸ்ரின் சொன்ன நாளிலிருந்து பேர்ணடெற்றுக்கு நித்திரை இல்லை.

எந்தப் படிவத்துக்குப் பிறகு எது என்று ஜஸ்ரின் குழம்பிப்போயிருந்தான். கொம்பியூட்டர் வகுப்புக்குப் போகிறவள் அவள். பெட்டியும் அம்புக்குறியுமாக ஒரு ஃபுளோ சார்ட் கீறித் தருவதாகச் சொன்னாள்.

இலவச மென்பொருள் ஃபிளொப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்று பத்துப் பெட்டியோடு நின்றுவிட்டது. இன்னொன்று, காசு கட்டச் சொல்லித் தாளுக்குக் குறுக்கே அச்சடித்தது. மூன்றாவது பிழையில்லை.

"கூப்பிடுவது யாரை?" என்ற சாய்சதுரத்திலிருந்து அம்மாவுக்கு ஒரு கோடு இழுத்தாள்.

"மனிசிக்கும் ஒரு கோடு இழுத்து விடும். பெண்சாதியைக் கூப்பிடுற வேற பெடியளுக்கும் உதவும்," என்றான் ஜஸ்ரின்.

"உங்கட நல்ல மனசுக்கு மாமி கெதியா வந்திடுவா."

ஒரு வருசமாக, விசா இழுபடுது என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள், அவனோடு வேலை செய்யும் அமிர்தநாதர் அவளுக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, ஜஸ்ரினுக்கு நீர்தானே அந்தப் படம் கீறிக் குடுத்தனீர்?"

"ஓம் அங்கிள். மாமி வந்திட்டாவோ?"

"மாமியோ? அவன்ர மனிசியெல்லோ நேற்று வந்து இறங்கினவ! ஊரில கலியாணம் கட்டிப்போட்டு விட்டிட்டு வந்த பிள்ளை. உம்மட படத்தைப் பாத்துத்தான் ஒரு பிழையும் விடாமல் கூப்பிட்டவனாம். நானும் மனிசியைத்தான் கூப்பிடப்போறன், எனக்கும் ஒண்டு தாரும். எவ்வளவு எடுப்பீர்?"

பேர்ணடெற் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ஜஸ்ரினுக்கு எல்லாம் சும்மாதான் அங்கிள் குடுத்தனான்."